பிள்ளையின் பிழையை யார் பார்க்கிறார்?

தங்கச்சியின் மகனுக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில் அடுக்குமாடியொன்றின் நாலாம் தட்டில் அவர்களுடைய வீடு. ஒரு பின்னேரம் நான் போனபோது சாப்பாட்டு மேசையில் கணக்குக் கொப்பி விரித்தபடி கிடந்தது. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொல்லியிருந்தது. 26 என்று எழுதியிருந்தான். 71இலிருந்து 45 போனால் 34. 80இலிருந்து 23 போனால் 63. அந்தப் பக்கத்தில் ஆறு கணக்குகள், ஆறு சிவப்புப் பிழை அடையாளங்கள், அடியில் "கவனம்" என்று ஒரு சொல்.

"இதை எப்பிடியடா செய்தனீ?" என்று கேட்டேன்.

"மாமா, சின்ன எண்ணைத்தானே பெரிய எண்ணில இருந்து கழிக்கலாம்? எட்டுப் பெரிசு, ரெண்டு சின்னன். அப்ப ஆறு."

ஆறு கணக்குக்கும் அதே விதி. ஓரிடத்திலும் பிசகவில்லை. இதைவிடக் கவனமாக ஒரு பிள்ளை கணக்குச் செய்ய முடியாது. அவன் கையில் இருந்த விதிதான் தப்பு. சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று யாரோ எப்போதோ சொன்னதை, எந்த இடத்தில் எந்த எண் இருந்தாலும் சின்னதை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அவன் விளங்கிக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் பிரவுனும் பர்ட்டனும் 1978இல் வெளியிட்ட ஒரு கட்டுரை பிள்ளைகளின் கழித்தல் பிழைகளைப் பற்றியது. பல பிழைகள் கண்டபடி வருவதில்லை, கணினி நிரலில் ஒளிந்திருக்கும் வழுப்போல ஓர் ஒழுங்கோடு வருகின்றன என்று காட்டினார்கள். எங்கள் வீட்டுப் பையனின் வழு அவர்களுடைய பட்டியலில் மிகப் பழகிய ஒன்று. விதியைக் கண்டுபிடித்தால் திருத்த ஒரு பின்னேரம் போதும். கண்டுபிடிக்காவிட்டால் தரம் 5 வரை கூடவே வரும்.

அந்தப் பிள்ளையின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்தேன். பாடசாலை, தரம் 5 புலமைப்பரிசிலுக்கான ஆயத்த வகுப்பு, ஆங்கில வகுப்பு, வயலின், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, இரவில் சூமில் இன்னுமொரு கணித வகுப்பு. வாரத்தில் ஆறு இடங்களில் படிக்கிறான். அவற்றில் மூன்றிடத்தில் அவன் கழித்தல் செய்கிறான், மூன்றிடத்திலும் பிழை அடையாளம் விழுந்திருக்கிறது. எப்படிச் செய்தாய் என்று ஒரு இடத்திலும் எவரும் கேட்கவில்லை.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில வாரங்கள் அலைந்தேன். பிள்ளை விடும் பிழையைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்?

மண்டபம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே காலி வீதியில் பிள்ளைகள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். முதுகில் பை, கையில் தண்ணீர்ப் போத்தல், கழுத்தில் அடையாள அட்டை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுக்குள் ரியூசன் மண்டபங்கள். சுவர் முழுக்க ஆசிரியர்களின் படங்கள், எந்த வருடம் எத்தனை பேருக்கு மூன்று 'ஏ' என்ற விபரத்தோடு.

நான் நின்ற மண்டபத்தில் முந்நூறு கதிரையாவது இருந்திருக்கும். உயர்தர இரசாயனவியல், 'மாஸ் கிளாஸ்'. வாசலில் அட்டையைக் கருவியில் காட்டிவிட்டு, அன்றைய பாடக்குறிப்பான 'ரியூட்'டை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சேர் கையில் ஒலிவாங்கி. பின்வரிசைக்காரருக்காகத் தூண்களில் தொலைக்காட்சித் திரைகள். அவர் படிப்பித்த விதத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று பழக்கத்தில் அறிந்து, அந்த இடத்துக்கு முன்பே நின்று, இரண்டாம் முறை வேறு உதாரணத்தோடு சொன்னார். மூன்று மணி நேரத்தில் எவரும் கொட்டாவி விட்டதை நான் காணவில்லை. கேள்வி கேட்டதையும் காணவில்லை.

வெளியே வந்த ஒரு பிள்ளையிடம் விளங்கிச்சுதோ என்று கேட்டேன். "சேர் சொல்லேக்க எல்லாம் விளங்கும் அங்கிள். வீட்டை போய்ப் பேப்பர் செய்யேக்கதான் தெரியும்" என்றாள்.

இவ்வளவு கூட்டம் ஏன் சேருகிறது என்பது கொழும்பில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் தெரியும். உயர்தரத்தில் மூன்று பாடம், அவற்றின் பெறுபேற்றை ஒப்பிட 2001இலிருந்து இசட் புள்ளி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் இருந்து மருத்துவ பீடம் போவதற்கு வேண்டிய புள்ளி நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் நிற்கும். இந்தப் பயத்துக்கு நடுவில் இருக்கும் தாய் தகப்பனிடம் போய் மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல நான் யார்?

பழைய வினாத்தாளான பாஸ் பேப்பரைச் செய்வதையே நோயாகப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறுபகுதியினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு சோதித்தபோது எழுதியவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. ஆக, கேள்விக்கு முகங்கொடுப்பதும் படிப்புத்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் பேப்பரைச் செய்துவிட்டு, விடைத்தாளைப் பார்த்து, புள்ளியைக் கூட்டிவிட்டு அடுத்த பேப்பருக்குப் போய்விடுகிறார்கள். பிழைத்த கேள்விகள் எல்லாம் அந்தப் பேப்பரோடு கட்டிவைக்கப்படுகின்றன. என் கவலை அங்கேதான் இருக்கிறது.

அதே கவலை சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் கூர்மையாகிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் ஒரு மணி நேரத்துக்கு 40 வினாக்கள், வினாவுக்கு ஒன்றரை நிமிடம். பத்து வயதுப் பிள்ளையை அந்த வேகத்துக்குப் பழக்குவதென்றால், அது தன் யோசனையை ஆறுதலாகச் சொல்லிக் காட்ட நேரம் கொடுக்க முடியாது. வேகம் வரட்டும் என்று, எப்படிச் செய்தாய் என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம்.

விறாந்தை

கொட்டாஞ்சேனையில் நான் போன வகுப்பு ஒரு வீட்டின் முன்விறாந்தையில் நடக்கிறது. இளைப்பாறிய ஆசிரியை, ஒன்பது பிள்ளைகள், ஒரு நீள வாங்கு, தரையில் பாய். பிள்ளைகளின் தகப்பன்மாரில் துறைமுகத்தில் வேலை செய்பவர்களும் செட்டியார் தெரு நகைக்கடைகளில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், கைப்பேசியில் ஆங்கிலமும் ஹிந்தியும். மலையகத்துப் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, முஸ்லிம் வீட்டுப் பேச்சு எல்லாம் அந்தப் பாயில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

மிஸ்ஸிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சில பக்கங்கள். அதில் அவர் எழுதி வைத்திருப்பது பிள்ளைகள் விட்ட பிழைகளை மட்டும். ஒருவன் பக்கத்தில் "பளம், மளை, வாளை" என்று வரிசையாக இருந்தது. இன்னொருத்தியின் பக்கத்தில் "பின்னம்: கீழெண் பெரிசானால் பின்னமும் பெரிசு என்று நினைக்கிறாள்" என்று ஒரு குறிப்பு.

"சரியா செஞ்சத எதுக்குங்க எழுதி வெக்கணும்? அது அவங்ககிட்டயே இருக்கு" என்றார்.

ழகரப் பிழைக்காரனிடம் அவர் கொப்பியைத் தூக்கவில்லை. "மொதல்ல சொல்லிப் பாருங்க, பொறகு எழுதலாம்" என்றார். அவன் சொன்னான், அவர் நாக்கு எங்கே போகிறது என்று காட்டினார், அவன் மறுபடி சொன்னான். வீட்டில் ஒருவர் வாயிலும் வராத ஒலி அது. என் சொந்த ஊர்ப் பேச்சிலும் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் போய்விட்டன. ஆகவே அவன் எழுதுவது சோம்பேறித்தனத்தால் வந்த பிழை இல்லை, காதால் கேட்டதைத்தான் கையால் எழுதுகிறான். அதை அறிந்தவர் திருத்தும் விதமே வேறாக இருக்கிறது.

பின்னத்தை விளங்கிக்கொண்ட பிள்ளையைக் கூப்பிட்டு, விளங்காதவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டும் ஒரு ரொட்டியை வரைந்து வெட்டிக்கொண்டிருந்தன. அவர் காது மட்டும் அங்கே இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைச் சிறுவருக்கான இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். அங்கே ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் இல்லத்திலும் அப்படிச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து, சின்னவர்களுக்குப் படிப்பிக்கச் சொன்னார். பையன் படிப்பித்தான். 1797இல் இலண்டனில் பெல் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஸ்கொட்லாந்தில் அவருடைய பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' இன்றும் இருக்கிறது. எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னவர்களுக்குப் படிப்பித்த சட்டாம்பிள்ளைக்கு இப்படியும் ஒரு பயணம்.

திண்ணையை நான் பொன்னுலகமாக்கவில்லை. அங்கே பிரம்பு இருந்தது. யார் திண்ணையில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற சாதிக் கோடு இருந்தது. பொருள் தெரியாமல் நிகண்டை ஒப்புவித்த தலைமுறைகள் இருந்தன. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், படிமுறையாகப் பாலபாடங்களை எழுதியதும் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வைத்துப் படிப்பித்ததும் அந்தப் பழைய முறையிலிருந்து விலகித்தான். ஆனாலும் திண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே வாத்தியாருக்கு முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும். வகுப்பு வந்தபோது அந்த வழக்கம் தேய்ந்தது.

பாடசாலை மணி

கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரி 1865இல் தொடங்கியது. அயலில் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலை, 1902இல் உருவான விவேகானந்த சபை. தெற்கே பம்பலப்பிட்டியில் 1951இலிருந்து இந்துக் கல்லூரி, வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயம். 1945 ஒக்டோபரில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்ததால்தான் கொழும்பில் கடைச் சிப்பந்தியின் மகனும் எழுதுவினைஞரின் மகளும் பல்கலைக்கழகம் வரை போக வழி திறந்தது. அந்தக் கொடை இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதும் நானும் இல்லை. ரியூசனுக்கு மாதாமாதம் எண்ணிக் கொடுக்கும்போதெல்லாம் அதை நினைத்து எனக்கு வயிறு எரிகிறது.

பிள்ளையின் பிழையைப் பார்க்கப் பாடசாலைக்கு வழி காட்டப்படாமலும் இல்லை. 2007இல் தேசிய கல்வி நிறுவகம் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தைத் தரம் 6க்கும் தரம் 10க்கும் கொண்டுவந்தது. கூடவே 'ஐந்து ஈ' முறை: பிள்ளையை ஈடுபடுத்து, கண்டறிய விடு, விளக்கச் சொல், விரிவாக்கு, மதிப்பிடு. அமெரிக்காவில் ரொட்ஜர் பைபீயும் அவருடைய குழுவினரும் 1980களில் விஞ்ஞானப் பாடத்துக்காக வகுத்த முறை அது. ஆசிரியர் வழிகாட்டியில் வாசித்தால் அழகாக இருக்கும். "கண்டறிய விடு" என்ற இடத்தில் பிள்ளை பிழை விடும், ஆசிரியர் அதைப் பார்ப்பார் என்பதுதான் அந்த முறையின் உயிர்.

ஆனால் ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். தலைக்கு ஒரு நிமிடம் என்று கொப்பியைப் பார்த்தாலே மணி அடித்துவிடும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, வாணி விழா, அதிபர் கேட்கும் படிவங்கள். ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "செயற்பாட்டைச் செய்விச்சுப் போட்டு, கடைசிப் பத்து நிமிசத்தில குறிப்பை நானே சொல்லிக் குடுத்திடுவன். இல்லாட்டிப் பரீட்சைக்கு எதை வச்சுப் படிக்கிறது?" சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கப்பட வேண்டியவர் அவர் என்று எனக்குப் படவில்லை.

சர்வதேசப் பாடசாலைகளில் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைவு. 5 முதல் 14 வயது வரையானவர்களுக்குப் புதிதாகக் கட்டணப் பாடசாலை தொடங்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராததால், இவை கம்பனிகளாகப் பதிந்து இயங்குகின்றன. வெள்ளவத்தையிலிருந்து அங்கே போகும் தமிழ்ப் பிள்ளைகள் கை உயர்த்திக் கேள்வி கேட்கப் பழகுகிறார்கள், அது நல்லது. அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாமலும் வளர்கிறார்கள். தமிழில் விடும் பிழையைப் பார்க்க அங்கே யாருமில்லை. ஏனென்றால் பலர் தமிழை எழுதுவதே இல்லை.

கைப்பேசிக்குள் வந்த சிவப்பு மை

கொரோனாவால் 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் பூட்டப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபருக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பகுதிகள் வாரக்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்டுக் கிடந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள், டேட்டா முடிந்தால் வகுப்பும் முடிந்தது. சூமில் கமராவை மூடிவிட்டு ஒலியையும் மூடிவிட்டால் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதே ஆசிரியருக்குத் தெரியாது. பல பிள்ளைகள் அந்த இரண்டு வருடத்தில் இழந்ததை இன்னும் மீட்கவில்லை.

அதற்குள்ளும் ஒன்று நடந்தது. சில ஆசிரியர்கள், பிள்ளைகள் செய்த வேலையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். இரவு பத்து மணிக்கும் ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்த்து, விரலால் சிவப்புக் கோடு கீறி, குரல்பதிவில் "இந்த இரண்டாம் வரியில ஏன் கூட்டினனீங்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் சொல்லி ஓர் ஆசிரியர் பேசியது அதுதான் முதல்தடவை என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்தக் குரல்பதிவை அவருடைய மகன் அழிக்காமல் வைத்திருக்கிறானாம்.

பாடசாலை திறந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது. பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். எவ்வளவு படித்தோம் என்பதற்கு வினாத்தாள் ஒன்றையே அளவுகோலாக வைத்திருந்த நாடு, அந்தத் தாளும் இல்லாமல் நின்றது.

வயலின் நின்ற இடம்

நான் போன இடங்களில் என் மனம் அதிகம் தங்கியது வயலின் வகுப்பில்தான். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு, ஆறு பிள்ளைகள். எல்லாம் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு ஆயத்தமாகின்றன. கடைசிப் படியான கலாவித்தகர் வரை போக ஒன்றிரண்டுக்கு ஆசை.

சரளி வரிசையில் ஒரு பிள்ளையின் விரல் காந்தாரத்தில் மயிரிழை தள்ளி விழுந்தது. ஆசிரியை உடனே வில்லை நிறுத்தினார். திட்டவில்லை, "கேளும்" என்று தன் வயலினில் அந்த ஒரு சுரத்தை மட்டும் இழுத்தார். பிள்ளை விரலை நகர்த்தியது. இன்னும் கொஞ்சம். சேர்ந்தபோது பிள்ளையின் முகத்தில் தெரிந்தது. பிறகு மேலே போனார்கள். மற்ற ஐந்து பேரும் அந்தப் பிழையைக் கேட்டார்கள், திருத்தத்தையும் கேட்டார்கள். எவரும் சிரிக்கவில்லை. அடுத்து தங்கள் முறை வரும், தாங்களும் பிழைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியது இதோடு சேர்கிறது. தனியாக ஓர் ஆசிரியரை வைத்து, ஒவ்வொரு படியிலும் பிழையைத் திருத்திக்கொண்டு போனால், சாதாரண பிள்ளையே வழக்கமான வகுப்பின் 98 வீதமானோரை முந்திவிடுகிறது என்றார். பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு வரவில்லை. ஆனாலும் திசை மாறவில்லை. நாட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆசிரியரை எப்படிக் கொடுப்பது என்பது அவருக்கும் பெரும் கேள்வியாகவே இருந்தது.

மரியா மொண்டிசோரி ஒரு விடையை வேறு பக்கத்தால் தேடியவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர் போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார், இலங்கைக்கும் வந்தார். இன்று கொழும்பில் 'மொண்டிசோரி' என்றால் எந்தப் பாலர் பாடசாலைக்கும் அதுவே பெயர். ஆனால் அவருடைய முறையின் நெஞ்சு எதுவென்று பெயர்ப்பலகை மாட்டியவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ தெரியாது. அவர் செய்த விளையாட்டுப் பொருள்களே பிழையைச் சொல்லும். பத்து மரத்துண்டுகளைப் பத்துக் குழிகளில் வைக்க வேண்டும். ஒன்றைத் தப்பாக வைத்தால் கடைசித் துண்டு எந்தக் குழிக்கும் பொருந்தாமல் கையில் மிஞ்சும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. பிள்ளை எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வைக்கும்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது ஒரு பெட்டி பல்லுக்குத்தும் குச்சியும் ஒரு பை ரப்பர் வளையமும் வாங்கிக்கொண்டு போனேன். இருவருமாகப் பத்துப் பத்தாகக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. "இதில எனக்கு முப்பத்தெட்டுத் தா" என்றேன்.

மூன்று கட்டைத் தள்ளி வைத்தான். எட்டுக் குச்சிக்குக் கையை நீட்டினான். இரண்டுதான் இருந்தது. "மாமா, காணாது" என்றான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தான், பிறகு ஒரு கட்டைப் பிரித்தான். எட்டை எண்ணித் தந்துவிட்டு மிச்சத்தை எண்ணினான். கொப்பியில் இருந்த 26ஐப் பார்த்தான். மறுபடி எண்ணினான்.

தானே 71ஐக் கட்டத் தொடங்கினான். அது முடிந்து 80க்கு வந்தபோது எட்டுக் கட்டும் அப்படியே இருந்தன, தனிக் குச்சி ஒன்றும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே தங்கச்சி சூம் வகுப்புக்கு நேரமாகுது என்று கூப்பிட்டாள். "பொறுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டின் ரப்பர் வளையத்தை இழுத்தான்.